கூட்டா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு ஃபோர்சம்ஸ் ஆடிப் பாருங்க



"சார், காலேஜ் ஃப்ரெண்டோட சேர்ந்து பிசினஸ் ஆரம்பிக்கப் போறேன். பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா, எது பெஸ்ட்?" நம்ம சேனல்ல மாசம் தவறாம வர்ற கேள்வி. வரி, பதிவுச் செலவு, வருஷா வருஷம் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் எல்லாம் ஏற்கனவே வீடியோவில் சொல்லியாச்சு. ஆனா அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அந்தப் படிவங்கள்ல இல்லைங்கிறது என் தனிப்பட்ட கருத்து. கேட்கிறவர் என் ஆபீசுக்கு நேர்ல வந்தா, "அந்த ஃப்ரெண்டோட ஒரே ஒரு ஃபோர்சம்ஸ் கோல்ஃப் மேட்ச் ஆடிட்டு வாங்க, அப்புறம் டீட் எழுதலாம்"னு சொல்லணும் போல இருக்கும்.

சிரிக்காதீங்க. கோல்ஃப் பணக்காரங்க விளையாட்டு, நமக்கெதுக்குன்னு பலர் நினைப்பீங்க. நியாயம்தான். கிளப் மெம்பர்ஷிப் வாங்குங்கன்னு நான் சொல்ல வரலை. அதை ஒரு முதலீடுன்னு யாராவது உங்ககிட்ட வித்தா நம்பாதீங்க. பெரும்பாலான கிளப்களில் அதை வெளி ஆளுக்கு விற்கவும் முடியாது, உங்க விருப்பப்படி கைமாத்தவும் முடியாது. அது ஒரு செலவு, அவ்வளவுதான். நான் பேச வந்தது அந்த விளையாட்டுல ஒரு குறிப்பிட்ட ஆட்ட முறையைப் பத்தி.

ஃபோர்சம்ஸ்னா என்ன? ஒரு பக்கம் ரெண்டு பேர், எதிர்ப் பக்கம் ரெண்டு பேர். மொத்தம் நாலு பேர், ஆனா பந்து ரெண்டே ரெண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே பந்து. ஒருத்தர் அடிச்சா, அது போய் விழுந்த இடத்திலிருந்து அடுத்த அடியை மற்றவர் அடிக்கணும். பந்து குழிக்குள்ள போற வரைக்கும் இப்படியே மாறி மாறி. ஒற்றைப்படை ஹோல்களில் ஒருத்தர் முதல் அடி, இரட்டைப்படை ஹோல்களில் இன்னொருத்தர் முதல் அடி. யாருக்கு எதுன்னு ஆரம்பத்திலேயே முடிவு பண்ணிடணும். பாதியில மாத்த முடியாது.

நம்ம ஊர்ல வார இறுதியில ஆடறவங்க இதை அதிகம் ஆடறதில்லை. ஃபோர்பால்தான் ஆடுவாங்க. அதுல ஒவ்வொருத்தருக்கும் சொந்தப் பந்து, ஜோடியில யாரு நல்லா ஆடறாங்களோ அந்த ஸ்கோர் எடுத்துக்கப்படும். நீங்க சொதப்பினாலும் பார்ட்னர் காப்பாத்திடுவார். உங்க மோசமான ஷாட்டை அவர் தொடக்கூட வேண்டியதில்லை. ஃபோர்சம்ஸ் அப்படி இல்லை. உங்க பார்ட்னர் மணல் குழியில போட்டா, அந்த மணல்ல இறங்கி நிக்க வேண்டியது நீங்க.

1927-ல் ரைடர் கப் ஆரம்பிச்சப்போ ஜோடி ஆட்டம்னா ஃபோர்சம்ஸ் மட்டும்தான். ஃபோர்பால் 1963-ல்தான் உள்ள வந்தது. ஸ்காட்லாந்துல மியூர்ஃபீல்ட் மைதானத்தை வச்சிருக்கிற கிளப், 1744-ல் கோல்ஃபுக்கு முதன்முதலா 13 விதிகளை எழுதி வச்ச கிளப், இன்னிக்கும் உறுப்பினர்களுக்கு ஃபோர்சம்ஸ்தான் உயிர். காலையில ஒரு ரவுண்ட், நிதானமா லஞ்ச், மதியம் இன்னொரு ரவுண்ட். ரெண்டு பந்து மட்டும் இருக்கிறதால வேகமா முடியும். பார்ட்னர் அடிக்கும்போதே நீங்க முன்னாடி நடந்து, பந்து விழப் போற இடத்துக்குப் பக்கத்துல போய் நின்னுடலாம். இங்கிலாந்துல 1924-லிருந்து ஹால்ஃபோர்ட் ஹெவிட் கோப்பைன்னு ஒண்ணு நடக்குது. 64 பள்ளிகளோட பழைய மாணவர்கள், ஒரு டீமுக்கு 10 பேர், அஞ்சு ஜோடி. எல்லாமே ஃபோர்சம்ஸ். அத்தனை பேரும் அமெச்சூர்தான்.

போன வருஷம் எங்க கிளப்புக்கும் பக்கத்து மாநிலத்து கிளப் ஒண்ணுக்கும் இந்த முறையில ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச். பரிசுப் பணம் கிடையாது, தோத்த பக்கம் ஜெயிச்ச பக்கத்துக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் பந்து. பத்துக்குப் பத்து, அஞ்சு ஜோடி. எனக்குக் கிடைச்ச பார்ட்னர் 60 தாண்டினவர், ஜவுளி மில் நடத்தி மகன்கிட்ட ஒப்படைச்சவர். அதுக்கு முன்னாடி அவர்கூட நான் காபி குடிச்சதுகூட இல்லை.

கணக்கு எப்படி பாருங்க, நம்ம ஆளுங்களுக்கு இது பிடிக்கும். அவர் ஹேண்டிகேப் 12, என்னுடையது 20. கூட்டினா 32, அதுல பாதி 16. எதிர் ஜோடி 9, 15. கூட்டினா 24, பாதி 12. வித்தியாசம் 4. அதாவது மைதானத்துலேயே கஷ்டமானதுன்னு குறிச்சிருக்கிற முதல் நாலு ஹோல்களில் எங்களுக்குத் தலா ஒரு அடி சலுகை. என் 20-ஐ யாரும் அங்க கேலி பண்ணலை. என் பலவீனம் ஆரம்பத்திலேயே எண்ணா எழுதி, கூட்டி, வகுத்து, எல்லார் கையிலும் இருக்கிற கார்டுல ஏறிடுச்சு. அதுக்கப்புறம் அதைப் பத்தி பேச ஒண்ணுமில்லை. பார்ட்னர்ஷிப் ஆரம்பிக்கிற எத்தனை பேர் இப்படி முன்கூட்டியே எழுதறாங்க? "அவன் மார்க்கெட்டிங் பார்த்துப்பான், நான் அக்கவுண்ட்ஸ் பார்த்துப்பேன்"னு வாயால பேசிக்கறதோட சரி. டீட்ல லாபப் பங்கு எழுதாம விட்டா என்ன ஆகும்னு தெரியுமா? 1932-ஆம் வருஷத்து பார்ட்னர்ஷிப் சட்டம் பிரிவு 13 சொல்லுது: லாபமும் நஷ்டமும் சம பங்கு. நீங்க 40 லட்சம் போட்டு அவர் 5 லட்சம் போட்டிருந்தாலும், வேற ஒப்பந்தம் இல்லைன்னா சமம்தான். ராத்திரி பகலா வேலை செஞ்சதுக்கு சம்பளமும் கேட்க முடியாது, அதையும் எழுதியிருக்கணும்.

எங்களுக்கு எதிரா வந்தவங்க மாமனாரும் மாப்பிள்ளையும். மாமனார் 9, மாப்பிள்ளை 15. காகிதத்துல பார்த்தா எங்களை ஊதித் தள்ளியிருக்கணும். ஒன்பது ஹோல் முடிஞ்சப்போ அவங்க 3 ஹோல் முன்னாடி. ஆனா நான் ஒரு விஷயத்தை முதல் ஹோல்லேருந்தே கவனிச்சுட்டு இருந்தேன். பந்து கொஞ்சம் விலகிப் போனாலும் மாப்பிள்ளை, "சாரி மாமா." மணல்ல விழுந்தா "சாரி மாமா." புல் கொஞ்சம் நீளமான இடத்துல நின்னாலும் "சாரி மாமா." மாமனார் நல்ல மனுஷன், ஒரு வார்த்தை திட்டலை. "பரவாயில்லப்பா"ன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னார். அந்தப் பரவாயில்லையே பத்தாவது ஹோலுக்கு மேல மாப்பிள்ளையைச் சாப்பிட ஆரம்பிச்சது. தாராளமா வந்துட்டு இருந்த ஸ்விங் சுருங்கிடுச்சு. குழியை நோக்கி அடிக்கிறதை விட்டுட்டு, மாமா மனசு நோகாத இடத்தை நோக்கி அடிக்க ஆரம்பிச்சுட்டார்.

ஃபோர்சம்ஸ் ஆடறவங்ககிட்ட எழுதாத விதி ஒண்ணு இருக்கு: பார்ட்னர்கிட்ட சாரி சொல்லாதே. யாரும் வேணும்னு மோசமா அடிக்கறதில்லைங்கறது முதல்லேயே ஏத்துக்கிட்ட விஷயம், அதை மறுபடி மறுபடி உறுதிப்படுத்த வேண்டியதில்லை. என் பார்ட்னர் 18 ஹோல்ல ஒரு தடவைகூட சொல்லலை, நானும் சொல்லலை. அவர் ஒரு பந்தை மரங்களுக்கு நடுவுல அனுப்பினார். அங்கேயிருந்து என்னைப் பார்த்து சொன்னது இவ்வளவுதான்: "வேப்ப மரத்துக்குப் பின்னாடி, வேர் பக்கத்துல கிடக்கு. இடது பக்கம் வழி இருக்கு."

இந்த இடத்துலதான் என் கருத்து கொஞ்சம் மாறுபடும். சாரி சொல்லாதேங்கறதை நம்ம ஆளுங்க தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. சாரியை மட்டும் விட்டா நல்லது. பந்து எங்க கிடக்குன்னு சொல்றதையும் சேர்த்து விட்டுடறாங்க, அதுதான் பிரச்சினை. மைதானத்துல பந்தை மறைக்க முடியாது, அது கண்ணெதிரே கிடக்கும். பணத்துல மறைக்க முடியும்.

என் மேஜைக்கு வர்ற கூட்டுத் தகராறுகள்ல பெரும்பாலும் ஆரம்பம் நஷ்டம் இல்லீங்க. நஷ்டம் வந்தது தெரியாம இருந்ததுதான் ஆரம்பம். ஒருத்தர் சப்ளையர் பாக்கியை மூணு மாசமா சொல்லாம வச்சிருப்பார், அடுத்த ஆர்டர் வந்ததும் சரி பண்ணிடலாம்னு. இன்னொருத்தர் ஜிஎஸ்டி நோட்டீஸை டிராயர்ல போட்டு மூடியிருப்பார். வீட்டுக்குள்ளேயும் இதே கதை. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வீட்டுக் கடன் வாங்கியிருப்பாங்க, ஒருத்தர் மட்டும் ரகசியமா எஃப் அண்ட் ஓ பண்ணிட்டு இருப்பார். செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வு ஞாபகம் இருக்கா? 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ பண்ணின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தமா 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. இத்தனை நஷ்டத்துல எத்தனை வீட்டுல துணைக்குத் தெரியும்? நான் பார்த்த வரைக்கும், பர்சனல் லோன் ஈஎம்ஐ பவுன்ஸ் ஆகி பேங்க்லேருந்து ஃபோன் வரும்போதுதான் தெரியும். வீட்டுக் கடன்ல இணைக் கடன்தாரரா கையெழுத்து போட்டவர் பாதி ஈஎம்ஐக்கு மட்டும் பொறுப்பு இல்லை, முழுசுக்கும் பொறுப்பு. மற்றவர் கட்டலைன்னா உங்க கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து இறங்கும். அடுத்த ஷாட் உங்களுடையது, ஆனா பந்து எங்கேன்னே உங்களுக்குத் தெரியாது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுன்னு நம்ம பாட்டிங்க சொன்னது கஞ்சத்தனம் இல்லைங்க, கணக்கு.

விதிப் புத்தகத்துல ஃபோர்சம்ஸுக்கு 22-ஆம் விதி. அதை முதல் தடவை படிச்சப்போ, இதை எழுதினவங்க யாராவது பார்ட்னர்ஷிப் சட்டம் படிச்சவங்களான்னு சந்தேகம் வந்தது. பந்தைக் குறிச்சு எடுக்கறதோ, டிராப் பண்றதோ, யாரோட முறையா இருந்தாலும் ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் அந்த அணிக்காகச் செய்யலாம். ஒருத்தர் விதியை மீறினா தண்டனை ரெண்டு பேருக்கும். சட்டத்துல பிரிவு 18-உம் 25-உம் இதையேதான் சொல்லுது: ஒவ்வொரு பார்ட்னரும் நிறுவனத்தோட ஏஜென்ட், நிறுவனத்தோட செயல்களுக்கு எல்லாரும் கூட்டாவும் தனித்தனியாவும் பொறுப்பு. உங்க நண்பர் நிறுவனத்து பேர்ல ஒரு பில்லுல கையெழுத்து போட்டா, கடன் கொடுத்தவர் உங்க வீட்டு வாசலுக்கு மட்டும் வந்து முழுத் தொகையையும் கேட்கலாம்.

அதே விதியில இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. கஷ்டமான ஷாட்டை பார்ட்னர் தலையில கட்டறதுக்காக, வேணும்னே பந்தை அடிக்காம காத்துல வீசிட்டு "என் முறை முடிஞ்சது"ன்னு நகரக் கூடாது. அப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்ததுன்னா, மனுஷ புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்னு தெரியுதில்லையா? பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போக வேண்டிய நாள்ல மட்டும் காய்ச்சல் வர்ற பார்ட்னரை நீங்களும் பார்த்திருப்பீங்க.

சரி, மேட்ச் பிளே பத்தி ஒண்ணு சொல்லணும். நாங்க ஆடினது அந்த முறை. மொத்த அடிகளைக் கூட்டறதில்லை, ஒவ்வொரு ஹோலும் தனித்தனிப் போட்டி. நாலாவது ஹோல்ல மாமனார் பந்தை ஒரு மரத்துக்குப் பின்னாடி அனுப்பிட்டார். மாப்பிள்ளை ரெண்டு கிளைக்கு நடுவுல இருந்த சந்து வழியா முயற்சி பண்ணினார். கிளையில பட்டுத் திரும்பி வந்தது. அடுத்தது ஓடைக்குள்ள. அதுக்கு மேல அவங்க எண்ணவே இல்லை, ஹோலை எங்களுக்கு விட்டுக் கொடுத்து, பந்தை எடுத்துட்டு அடுத்த டீக்கு நடந்தாங்க. பத்து அடி ஆகியிருக்கலாம், பன்னிரண்டு ஆகியிருக்கலாம், நஷ்டம் ஒரே ஒரு ஹோல். அதனால அந்த சந்துல முயற்சி பண்ணினது தப்பே இல்லை. இழப்புக்கு உச்சவரம்பு இருக்கிற இடத்துல துணிஞ்சு பார்க்கலாம். இதையே மொத்த அடியை எண்ணற ஸ்ட்ரோக் பிளேயில பண்ணியிருந்தா, அந்த பன்னிரண்டும் கடைசி வரைக்கும் கூடவே வந்திருக்கும்.

எல்எல்பியா பார்ட்னர்ஷிப்பான்னு கேட்கிறவங்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். சாதாரண பார்ட்னர்ஷிப் ஸ்ட்ரோக் பிளே, ஒரு மோசமான ஹோல் உங்க வீடு வரைக்கும் வரும். 2008-ஆம் வருஷத்து சட்டப்படி வந்த எல்எல்பி மேட்ச் பிளே மாதிரி, நீங்க போடறதா ஒத்துக்கிட்ட பணத்தோட நஷ்டம் நிக்கும். ஆனா ஒரு ஆனா இருக்கு, இதை விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க. எல்எல்பி பேர்ல பேங்க் கடன் வாங்கப் போனா, பெரும்பாலும் பார்ட்னர்களோட தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பாங்க. அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்ட நிமிஷமே அந்தக் கடனைப் பொறுத்தவரைக்கும் நீங்க மறுபடி ஸ்ட்ரோக் பிளேக்கு வந்துட்டீங்க. நிறைய பேர் அதைப் படிக்காமலே கையெழுத்து போடறாங்க, எல்எல்பிதானே, லிமிடெட்தானேன்னு.

"ஃப்ரெண்ட்லி"ங்கற வார்த்தையும் ஒரு வில்லங்கம். எங்க மேட்ச்ல பதினோராவது ஹோல்ல அவங்க ஜோடி முறை மாறி அடிச்சுட்டாங்க. விதிப்படி அந்த ஹோல் போச்சு. நான் ஒரு நொடி யோசிச்சேன், ஃப்ரெண்ட்லிதானே, பெரியவர் வேற, விட்டுடலாமான்னு. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மாமனாரே, "எங்க தப்பு, ஹோல் உங்களுது"ன்னு கையைத் தூக்கிட்டார். அப்புறம் என் பார்ட்னர் நடக்கும்போது சொன்னார்: தண்டனை உண்டுன்னு தெரிஞ்சும் ரெண்டு பக்கமும் பேசி வச்சு அதை விட்டுட்டா, ரெண்டு பக்கமுமே தகுதி இழக்கும். விதி அப்படித்தான் இருக்கு. நட்புக்காக விதியைத் தளர்த்தற உரிமை ஆடறவங்களுக்குக் கிடையாது. ஆனா எதிராளியோட கடைசிக் குட்டி அடியை "போதும், எடுத்துக்கோங்க"ன்னு விட்டுக் கொடுக்கலாம், அது முழு உரிமை. ஒரு தடவை கொடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது, அவங்க வேண்டாம்னும் சொல்ல முடியாது. பெருந்தன்மைக்கு இடம் இருக்கு, அது கார்டுல பதிவாகிற பெருந்தன்மை. நண்பருக்கு 50,000 விட்டுக் கொடுக்கணும்னு தோணினா தாராளமா கொடுங்க, லெட்ஜர்ல எழுதிட்டு கொடுங்க. எழுதாத பெருந்தன்மை அஞ்சு வருஷம் கழிச்சு "நான் உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன் தெரியுமா"ன்னு திரும்பி வரும்.

பிசினஸ் டீல் எல்லாம் கோல்ஃப் மைதானத்துலதான் முடியும்னு ஒரு பேச்சு இருக்கு. ஃபோர்சம்ஸ்ல அதுக்கு நேரமே இல்லைங்க. பாதி நேரம் நீங்க ஒரு பக்கம், பார்ட்னர் 200 கஜம் தள்ளி. டீல் முடியாது. ஆனா ஆளைத் தெரிஞ்சுக்கலாம், அது டீலை விட முக்கியம். கோல்ஃப் வேண்டாம்னா வீட்டுல கேரம் டபுள்ஸ் ஆடிப் பாருங்க, கிட்டத்தட்ட அதே வேலை செய்யும். சுலபமான காயை உங்க பார்ட்னர் தவறவிட்டப்போ உங்க முகம் எப்படிப் போகுதுன்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேளுங்க.

மேட்ச் முடிவைச் சொல்லாம விட்டா திட்டுவீங்க. 17 ஹோல் முடிஞ்சப்போ சமம். 18-ல் நாங்க 5. அவங்களுக்கு நாலாவது அடியா நாலடி தூரத்துல ஒரு பட். போட்டா ஜெயிச்சாங்க. அடிக்க வேண்டியது மாமனார். குழியோட உதட்டுல பட்டு வெளிய வந்துடுச்சு. மாப்பிள்ளை மிச்சத்தைத் தட்டி உள்ளே போட்டார், மேட்ச் டிரா. மாமனார் வாயைத் திறந்தார், என்ன சொல்லப் போறார்னு எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை முந்திக்கிட்டார்: "மாமா, லஞ்ச் ஆறிடும்."

இப்போ என் ஆபீஸ்ல ஒரு பழக்கம் வச்சிருக்கேன். ரெண்டு நண்பர்கள் டீட் எழுத வந்தா, தனித்தனியா ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து ரெண்டு கேள்வி கேட்பேன். உங்களுக்கு இன்னிக்கு மொத்தம் எவ்வளவு கடன் இருக்கு? உங்க பார்ட்னருக்கு எவ்வளவு இருக்கும்னு நினைக்கறீங்க? ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பேன். போன மாசம் வந்த ஜோடியில ஒருத்தர் தன் நண்பருக்குக் கடனே இல்லைன்னு எழுதியிருந்தார். நண்பர் தன் தாள்ல 18 லட்சம்னு எழுதியிருந்தார். ரெண்டு பேரும் வெளிய போய் டீ குடிச்சுட்டுப் பேசிட்டு வர்றோம்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்க டீட் டிராஃப்ட் இன்னும் என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு.